கீமோ குழாயில் ரத்தம் உறைந்தால்

கீமோதெரபி மாதக்கணக்கில் நீளும் சிகிச்சை. கையிலுள்ள சிறு சிரைகளில் ஒவ்வொரு முறையும் ஊசி குத்திக்கொண்டிருந்தால் அவை சீக்கிரமே தடித்து, ஊசி ஏறாமல் போய்விடும். டாக்ஸோரூபிசின் போன்ற மருந்து சிரையை விட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள சதை வெந்து புண்ணாகும். அதனால்தான் இதயத்துக்குப் பக்கத்துவரை போகும் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி, சிகிச்சை முடியும்வரை அதை உடலிலேயே விட்டுவைக்கிறார்கள். மேற்கையில் நுழைந்து நெஞ்சுக்குப் போவது பிக் லைன். மார்புத் தோலுக்கடியில் கொஞ்ச தூரம் ஓடிக் கழுத்துச் சிரைக்குள் இறங்குவது ஹிக்மன் குழாய். ஒரு சிறு பெட்டியோடு தோலுக்கடியில் முழுதாகப் புதைந்திருப்பது கீமோ போர்ட். எந்த வகையானாலும் நுனி நிற்க வேண்டிய இடம் ஒன்றுதான்: தலை, கழுத்து, இரு கைகளிலிருந்து வரும் ரத்தமெல்லாம் கூடி இதயத்துக்குள் விழும் மேற்பெருஞ்சிரையின் அடிப்பகுதி.

இதற்கு வழி திறந்தவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற ஜெர்மானிய இளம் மருத்துவர். 1929இல் எபர்ஸ்வால்டே மருத்துவமனையில், சிறுநீர்ப் பாதைக்குப் பயன்படும் 65 செ.மீ. குழாயைத் தன் முழங்கைச் சிரைக்குள் தானே செலுத்திக்கொண்டார். அப்படியே நடந்து எக்ஸ்ரே அறைக்குப் போய், நுனி இதயத்தில் இருப்பதைப் படமெடுத்துக் காட்டினார். 1956இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. மாதக்கணக்கில் உடலில் தங்கும் சிலிக்கோன் குழாயை 1973இல் புரோவியாக் அறிமுகப்படுத்தினார். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்காக அதைவிட அகலமான ஒன்றை 1979இல் சியாட்டிலில் ஹிக்மன் கொண்டுவந்தார். போர்ட் வந்தது 1980களின் தொடக்கத்தில். குழாய் உடலில் தங்கும் காலம் நீண்டதும், அதில் ரத்தம் உறையும் சிக்கலும் அன்றாடப் பிரச்சினை ஆயிற்று.

ஏன் உறைகிறது

ரத்தம் சிரைக்குள் உறைவதற்கு மூன்று காரணங்கள் சொல்வார்கள். சிரைச் சுவரில் காயம், ஓட்டத்தில் தேக்கம், ரத்தமே எளிதில் உறையும் நிலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ஹோவின் பெயரால் இன்றும் வழங்கும் கணக்கு இது. குழாய் பொருத்திய புற்றுநோயாளியிடம் மூன்றும் ஒன்றுசேர்கின்றன. குழாய் நுழையும் இடத்திலும் நுனி உரசும் இடத்திலும் சுவர் காயப்படுகிறது. சிரையின் உள்விட்டத்தில் ஒரு பங்கைக் குழாய் அடைத்துக்கொள்வதால் அதைச் சுற்றி ரத்தம் மெதுவாக ஓடுகிறது. புற்றுநோய் தன் பங்குக்கு ரத்தத்தின் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. அஸ்பராஜினேஸ், சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகள் அதை இன்னும் ஏற்றிவிடுகின்றன.

குழாயின் வகையும் நுனியின் இடமும் இதில் பெரிய பங்கு வகிக்கின்றன. மேற்கையின் ஒடுங்கிய சிரைக்குள் நுழையும் பிக் லைன் போர்ட்டைவிட அதிகமாக ரத்தக் கட்டியை உண்டாக்குகிறது. இரண்டு மூன்று உள்வழிகள் கொண்ட தடித்த குழாய், ஒரே வழியுள்ள மெல்லிய குழாயைவிட ஆபத்து கூடியது. நுனி மேற்பெருஞ்சிரையின் அடியில் நிற்காமல் மேலேயே நின்றுவிட்டால், மருந்தும் குழாயும் ஒரே இடத்துச் சுவரைத் தொடர்ந்து புண்படுத்தும். இடப்பக்கத்திலிருந்து வரும் பாதை நீளமானது, வளைவும் அதிகம். அதனால் முடிந்தவரை வலப்பக்கத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

முதல் கேள்வி: கட்டி எங்கே?

குழாய் தொடர்பான ரத்த உறைவு எல்லாம் ஒன்றல்ல. குழாயின் உள்வழிக்குள் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். குழாயின் வெளிப்புறத்தில், காலுறை மாட்டியதுபோல, ஃபைப்ரின் என்னும் புரத நார்களால் ஒரு உறை படர்ந்திருக்கலாம். சிரையின் சுவரில் கட்டி ஒட்டி வளர்ந்து, சிரையையே அடைத்திருக்கலாம். முதல் இரண்டும் குழாயின் பிரச்சினை. அந்த இடத்திலேயே மருந்து விட்டுச் சரிசெய்யப் பார்க்கலாம். மூன்றாவது நோயாளியின் பிரச்சினை. கட்டி அறுபட்டு நுரையீரலுக்குப் போகக்கூடும் என்பதால் உடல் முழுவதுக்குமான சிகிச்சை வேண்டும். சிகிச்சை வேறுபடுவதால், எது எங்கே என்று பிரித்தறிவதே முதல் வேலை.

உள்ளே போகிறது, வெளியே வரவில்லை

கீமோ வார்டில் அடிக்கடி நடப்பது இது. போர்ட்டுக்குள் ஹியூபர் ஊசியைச் செலுத்திய நர்ஸ் 10 மி.லி. சிரிஞ்சில் சலைனைத் தள்ளுகிறார். தடையின்றிப் போகிறது. பிறகு சிரிஞ்சின் பிஸ்டனைப் பின்னால் இழுக்கிறார். ரத்தம் வரவில்லை. உடனே கட்டி என்று முடிவுசெய்வதில்லை. முதலில் நோயாளியைக் கையை உயர்த்தச் சொல்வார்கள், இருமச் சொல்வார்கள், பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்வார்கள். குழாயின் நுனி சிரைச் சுவரில் ஒட்டியிருந்தால் இதிலேயே விலகிவிடும். கையை உயர்த்தினால் மட்டும் வேலை செய்கிறது என்றால், காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையில் குழாய் நசுங்குகிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படி நசுங்கும் குழாய் நாளடைவில் முறிந்துபோகக்கூடும்.

இவற்றிலெல்லாம் சரியாகாவிட்டால், பெரும்பாலும் காரணம் ஃபைப்ரின் உறைதான். குழாய் பொருத்திய ஓரிரு நாளிலேயே இது படரத் தொடங்கும். நுனியைத் தாண்டித் தொங்கும் வால் சலைன் போகும்போது விலகி வழிவிடும். இழுக்கும்போது வாயை மூடிக்கொள்ளும். உள்ளேதான் போகிறதே என்று இந்த நிலையில் கீமோ மருந்தை ஏற்றிவிடக் கூடாது. உறை குழாயின் நீளம் முழுக்கப் படர்ந்திருந்தால், மருந்து உறைக்கும் குழாய்க்கும் நடுவே பின்னோக்கி ஓடி, தோலுக்கடியில் கசியலாம். சதையைப் புண்ணாக்கும் மருந்துகளுக்கு ரத்தம் திரும்பி வருவதைப் பார்த்த பிறகே அனுமதி.

சிறிய சிரிஞ்சால் பலமாகத் தள்ளி அடைப்பை உடைப்பதும் கூடாது. சிரிஞ்ச் சிறிதாகச் சிறிதாக அது தரும் அழுத்தம் கூடும். குழாயே வெடித்துவிடலாம், அல்லது கட்டி பிய்ந்து ரத்தத்தில் கலக்கலாம். 10 மி.லி. சிரிஞ்ச் என்ற விதி இதற்காகத்தான்.

குழாய்க்குள் கரைக்கும் மருந்து

அடைப்பு ரத்த உறைவால் என்று தெரிந்தால், ஃபைப்ரினைக் கரைக்கும் அல்டெப்ளேஸைக் குழாய்க்குள் விட்டு ஊற வைக்கிறார்கள். பெரியவர்களுக்கு 2 மி.லி.யில் 2 மி.கி. எடை 30 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு, குழாயின் உள்வழிக் கொள்ளளவில் 110 சதவீதம். அதுவும் 2 மி.கி.யைத் தாண்டாமல். அரை மணி நேரம் கழித்து இழுத்துப் பார்ப்பார்கள். ரத்தம் வராவிட்டால் இரண்டு மணி நேரம்வரை பொறுத்து மறுபடி பார்ப்பார்கள். அப்போதும் வராவிட்டால் இன்னொரு தடவை மருந்து. ரத்தம் வந்துவிட்டால், முதலில் வரும் 4 – 5 மி.லி.யை வெளியே எடுத்துக் கொட்டிவிட்டு, அதன்பிறகே சலைனால் அலசுவார்கள். மருந்தும் கரைந்த கட்டியின் மிச்சமும் உடலுக்குள் போகாமலிருக்க இந்த ஏற்பாடு.

குழாய் முழுதாக அடைத்திருந்தால் மருந்தே உள்ளே இறங்காது. அதற்கு மூன்று வழித் திருகு ஒன்றைப் பொருத்துவார்கள். ஒரு வழியில் காலி சிரிஞ்ச், இன்னொன்றில் அல்டெப்ளேஸ். காலி சிரிஞ்சை இழுத்துக் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாக்கி, திருகை மருந்துப் பக்கம் திருப்பினால், வெற்றிடம் மருந்தைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். எங்கும் அழுத்தித் தள்ள வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இந்தப் பயன்பாட்டுக்கு அல்டெப்ளேஸ் 2001இல் அனுமதி பெற்றது. அந்த அனுமதிக்கு ஆதாரமான சோதனைகளில் ஒன்றில், ஒரே தடவை மருந்து விட்டு இரண்டு மணி நேரம் பொறுத்ததில் 74 சதவீதம் குழாய்கள் திறந்துகொண்டன. வெறும் போலி மருந்து விட்டவற்றில் 17 சதவீதமே திறந்தன. இரண்டாவது தடவை மருந்துக்குப் பின் வெற்றி 90 சதவீதத்தை எட்டியது. நுரையீரலில் பெரிய கட்டி அடைத்தால் உடலுக்குள் ஏற்றும் அளவு 100 மி.கி. அதோடு பார்த்தால் 2 மி.கி. மிகச் சொற்பம் என்பதால் ரத்தக்கசிவு அரிது. இந்தியாவில் இதே வேலைக்கு யூரோகைனேஸ் பயன்படுத்தும் மையங்களும் உண்டு.

அடைப்பெல்லாம் ரத்த உறைவாகவே இருக்கும் என்றில்லை. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மருந்துகள் குழாய்க்குள் படிகமாகிவிடலாம். சிரை வழி ஊட்டத்திலுள்ள கொழுப்பும் படியலாம். இவற்றை அல்டெப்ளேஸ் கரைக்காது. என்ன படிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், சோடியம் பைகார்பனேட், 70 சதவீத எத்தனால் என்று கரைப்பான் மாறும். கடைசியாகக் குழாயில் ஏற்றியது என்ன என்ற குறிப்பு அந்த நேரத்தில் மிகவும் உதவும்.

மருந்துக்கு அசையாத ஃபைப்ரின் உறையை, தொடைச் சிரை வழியாகக் கண்ணி ஒன்றை அனுப்பி உரித்தெடுக்கலாம். அல்லது பழைய குழாய் வழியாகக் கம்பி ஒன்றைச் செலுத்தி, பலூனால் உறையைக் கிழித்துவிட்டு, அதே கம்பியின் மேல் புதுக் குழாயை ஏற்றலாம்.

சிரையில் கட்டி

சிரையில் உண்டாகும் கட்டி பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரியவருவதும் உண்டு. காட்டினால், குழாய் உள்ள பக்கத்துக் கை வீங்கும், கனக்கும், வலிக்கும். தோல் சிவந்தோ நீலம் பாரித்தோ தோன்றும். தோளிலும் மார்பிலும் அதுவரை தெரியாத சிரைகள் புடைத்துத் தெரியும், ஏனென்றால் அடைபட்ட பாதையைச் சுற்றி ரத்தம் வேறு வழி தேடுகிறது. கழுத்திலும் தாடையிலும் வலி வரலாம். முகமும் கழுத்தும் சேர்ந்து வீங்கி, குனிந்தால் தலை கனத்தால், மேற்பெருஞ்சிரையே அடைபட்டிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் கட்டி நுரையீரலுக்குப் போனதற்கான அறிகுறிகள், அது அவசரம்.

முதல் பரிசோதனை டாப்ளர் ஸ்கேன். ஆரோக்கியமான சிரையை ஸ்கேன் கருவியால் அழுத்தினால் தட்டையாக நசுங்கும். கட்டி உள்ள சிரை நசுங்காது. மேற்கையிலும் அக்குளிலும் இது நன்றாகத் தெரியும். காரை எலும்புக்கு அடியில் போகும் சிரையை எலும்பு மறைத்துக்கொள்கிறது. அங்கே ரத்த ஓட்டத்தின் அலைவடிவத்தைக் கொண்டே ஊகிக்க வேண்டும். ஸ்கேன் தெளிவில்லாமல், சந்தேகம் மட்டும் வலுவாக இருந்தால் சிரைகளைக் காட்டும் சி.டி. அல்லது சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. கால் சிரைக் கட்டியைச் சந்தேகிக்கும்போது கைகொடுக்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனை இங்கே அவ்வளவு உதவாது. புற்றுநோயாளிகளுக்கு அது எப்படியும் கூடுதலாகவே இருக்கும்.

குழாயை எடுக்க வேண்டுமா?

கட்டி என்றதும் குழாயைப் பிடுங்கிவிட வேண்டும் என்றுதான் நோயாளிக்கும் வீட்டாருக்கும் தோன்றும். அமெரிக்க நெஞ்சக மருத்துவர் கழகம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டி உட்பட, முக்கிய வழிகாட்டிகள் சொல்வது வேறு. குழாய் வேலை செய்கிறது, நுனி சரியான இடத்தில் இருக்கிறது, தொற்று இல்லை, சிகிச்சைக்கு அது இன்னும் தேவைப்படுகிறது என்றால் அதை விட்டுவைத்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தைத் தொடங்கலாம். எடுத்துவிட்டால் கட்டி மறைந்துவிடாது. புதுக் குழாயை வேறொரு சிரையில் பொருத்த வேண்டியிருக்கும். அங்கேயும் கட்டி வரலாம்.

இதற்கு நேரடி ஆதாரமும் உண்டு. கனடாவில் 2007இல் வெளியான ஆய்வில், குழாயால் கைச் சிரையில் கட்டி வந்த 74 புற்றுநோயாளிகளுக்குக் குழாயை எடுக்காமலே டால்டெபாரின் என்ற உறைவுத் தடுப்பு ஊசியும் தொடர்ந்து வார்ஃபரின் மாத்திரையும் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் யாருக்கும் கட்டி திரும்ப வரவில்லை. கட்டி பரவியதாலோ மருந்து ஏற்ற முடியாமல் போனதாலோ ஒரு குழாயைக்கூட எடுக்க நேரவில்லை.

எடுத்தே தீர வேண்டிய நிலைகளும் தெளிவானவை. குழாயின் தேவை முடிந்துவிட்டது. குழாய் வேலை செய்யவில்லை, சரிசெய்யவும் முடியவில்லை. ரத்தக்கசிவு போன்ற காரணத்தால் உறைவுத் தடுப்பு மருந்தே கொடுக்க முடியாது. மருந்து கொடுத்தும் வீக்கமும் வலியும் கூடிக்கொண்டே போகின்றன. அல்லது கட்டியிலேயே கிருமித்தொற்று பிடித்துவிட்டது. இந்தக் கடைசி நிலையில் விடாத காய்ச்சல் வரும். குழாயை எடுத்து, வாரக்கணக்கில் கிருமிக்கொல்லி மருந்து ஏற்ற வேண்டும். அவசரமில்லாமல் எடுக்கும்போது சில மருத்துவர்கள் மூன்று முதல் ஐந்து நாள் உறைவுத் தடுப்பு மருந்து கொடுத்துவிட்டு எடுக்கிறார்கள். எடுக்கும் வேளையில் கட்டி பிய்ந்து போகாமலிருக்க என்று காரணம் சொல்லப்பட்டாலும், இதற்கான ஆதாரம் மெல்லியதுதான்.

எந்த மருந்து, எவ்வளவு

உறைவுத் தடுப்பு மருந்துகள் இருக்கும் கட்டியைக் கரைப்பதில்லை. அது மேலும் வளராமல் நிறுத்துகின்றன; உடல் தன் வேகத்தில் அதைக் கரைத்துக்கொள்கிறது. புற்றுநோயாளிகளுக்கு நெடுங்காலம் முதல் தேர்வாக இருந்தது குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பாரின் ஊசி. எனாக்ஸாபாரின் என்றால் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, வயிற்றுத் தோலுக்கடியில். சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவர்களுக்கு அதே அளவு நாளுக்கு ஒருமுறைதான். அவர்களுக்குச் சில நேரம் சாதாரண ஹெப்பாரினைச் சொட்டுச்சொட்டாக ஏற்றுவதே பாதுகாப்பானது.

வார்ஃபரின் மாத்திரை மலிவு. ஆனால் ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2க்கும் 3க்கும் நடுவே நிற்கிறதா என்று அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். வாந்தி, சாப்பாட்டுக் குறைவு, கிருமிக்கொல்லி மருந்து என எல்லாமே அந்த அளவைக் கலைத்துவிடும். கீமோ காலத்தில் இவை மூன்றும் சேர்ந்தே வரும். கீரையைத் திடீரென்று கூட்டினாலும் குறைத்தாலும் கூட மாறும். 2003இல் வெளியான ஆய்வொன்றில், புற்றுநோயாளிகளுக்குக் கட்டி திரும்ப வருவது ஆறு மாதத்தில் வார்ஃபரின் வகை மருந்துகளில் 17 சதவீதமாகவும் டால்டெபாரின் ஊசியில் 9 சதவீதமாகவும் இருந்தது.

இப்போது ரிவராக்ஸபான், அபிக்ஸபான் மாத்திரைகள் பரவலாகிவிட்டன. ரிவராக்ஸபான் முதல் 21 நாள் 15 மி.கி. இருவேளை, பிறகு 20 மி.கி. ஒருவேளை. அபிக்ஸபான் முதல் 7 நாள் 10 மி.கி. இருவேளை, பிறகு 5 மி.கி. இருவேளை. ரிவராக்ஸபானைக் குழாய்க் கட்டிக்கென்றே 70 புற்றுநோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2018இல் வந்தது. கட்டியால் ஒரு குழாயும் இழக்கப்படவில்லை. ஆனால் சுமார் 13 சதவீதம் பேருக்கு ரத்தக்கசிவு ஏற்பட்டது. ஒருவர் நுரையீரல் அடைப்பால் இறந்தார். வயிறு, குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்று இருப்பவர்களுக்கு இந்த மாத்திரைகளால் கசிவு கூடுகிறது. இட்ராகோனஸோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகளும் ரிஃபாம்பிசின், ஃபெனிடாயின் போன்றவையும் இவற்றின் அளவை ரத்தத்தில் ஏற்றியோ இறக்கியோ விடும். அத்தகையவர்களுக்கும், மாத்திரை வயிற்றில் தங்காதவர்களுக்கும் ஊசியே நல்லது.

பிளேட்லெட் குறையும்போது

ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் சிக்கலான இடம் இது. ஒரு பக்கம் கட்டி; மறுபக்கம் கீமோவால் பிளேட்லெட் சரிந்து, எங்கே கசியுமோ என்ற பயம். ஒரு மைக்ரோலிட்டருக்கு 50,000க்கு மேல் இருந்தால் முழு அளவு மருந்து கொடுக்கலாம். கட்டி புதிது, ஆபத்து அதிகம் என்றால் பிளேட்லெட் ஏற்றி அந்த அளவைத் தக்கவைத்துக்கொண்டு முழு மருந்தைத் தொடர்வார்கள். ஆபத்து குறைவு என்றால் 25,000க்கும் 50,000க்கும் நடுவே ஊசியைப் பாதியாகக் குறைப்பார்கள்; 25,000க்குக் கீழே போனால் நிறுத்திவைத்து, ஏறியதும் திரும்பத் தொடங்குவார்கள்.

பிளேட்லெட் குறைவுக்குக் கீமோதான் காரணம் என்று எப்போதும் எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஹெப்பாரின் தொடங்கி ஐந்து முதல் பத்து நாளில் பிளேட்லெட் பாதிக்கு மேல் சரிந்தால், ஹெப்பாரினுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்களைச் சந்தேகிக்க வேண்டும். இந்த நிலையில் பிளேட்லெட் குறைந்தும் கட்டிகள் கூடும். குழாயை அலசப் பயன்படும் சொற்ப ஹெப்பாரின்கூட இதைத் தூண்டலாம். எல்லா ஹெப்பாரினையும் நிறுத்தி, அர்கட்ரோபன் போன்ற வேறு வகை மருந்துக்கு மாற வேண்டும்.

கட்டியைக் கரைக்கும் மருந்தைச் சிரைக்குள்ளேயே நேராக விடுவது சிலருக்கு மட்டும். மேற்பெருஞ்சிரை அடைத்து முகம் வீங்கியவர்கள், கையே ஆபத்திலிருப்பவர்கள், கட்டி வந்து இரண்டு வாரத்துக்குள் இருப்பவர்கள், கசிவு ஆபத்து குறைந்தவர்கள். மற்றவர்களுக்குக் கிடைக்கும் பலனைவிடக் கசிவின் அபாயமே பெரிது.

வராமல் தடுப்பது

எல்லோருக்கும் முன்கூட்டியே உறைவுத் தடுப்பு மருந்து கொடுத்தால் என்ன என்ற கேள்வி பழையது. 1990இல் 82 பேரை வைத்து நடந்த சிறு ஆய்வில், தினம் 1 மி.கி. வார்ஃபரின் எடுத்த 42 பேரில் நால்வருக்கும், எடுக்காத 40 பேரில் 15 பேருக்கும் கட்டி வந்தது. அதை நம்பிப் பலரும் வார்ஃபரின் கொடுத்தார்கள். 2009இல் பிரிட்டனில் 1,590 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு வெளியானபோது, மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் குழாய்க் கட்டியில் வித்தியாசமே தெரியவில்லை. அதனால் குழாய் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எல்லோருக்கும் இந்த மருந்து கொடுப்பதில்லை.

பலன் தருவது சரியான குழாயைத் தேர்ந்தெடுத்துச் சரியாகப் பொருத்துவதுதான். குழாயின் தடிமன் சிரையின் விட்டத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இன்றைய கணக்கு. பொருத்தும் முன்பே ஸ்கேனில் சிரையை அளந்து பார்க்கலாம். தேவைக்கு மேல் உள்வழிகள் வேண்டாம். பல மாத சிகிச்சை என்றால் போர்ட் நல்லது. பிரிட்டனில் 1,061 பேரை வைத்து நடந்து 2021இல் வெளியான ஆய்வில், தொற்று, கட்டி, அடைப்பு எல்லாம் சேர்ந்த சிக்கல்கள் போர்ட்டில் 32 சதவீதம், பிக் லைனில் 47 சதவீதம். சிறுநீரகம் பழுதாகிவருபவர்களுக்குப் பிக் லைன் போடாமல் தவிர்ப்பது இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம்: பின்னால் டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா வைக்க அந்தக் கைச் சிரை தேவைப்படும்.

பயன்படுத்திய பிறகு ஒவ்வொரு முறையும் சலைனால் அலச வேண்டும். ஒரே வீச்சாகத் தள்ளாமல், தள்ளி நிறுத்தி, தள்ளி நிறுத்தி அலசினால் உட்சுவரில் ஒட்டியது கழுவிப்போகும். பயன்படுத்தாத போர்ட்டைச் சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை அலசுவது வழக்கம். டயாலிசிஸ் குழாயில் ஹெப்பாரினுக்குப் பதில் வாரம் ஒருமுறை அல்டெப்ளேஸை நிரப்பிவைத்த கனடா ஆய்வில், குழாய் பழுதாவது 34.8 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அந்த மருந்தின் விலை அதை அன்றாட வழக்கமாக்க விடவில்லை.

எப்போது நிறுத்துவது

சிரையில் கட்டி வந்தால் குறைந்தது மூன்று மாதம் மருந்து. புற்றுநோயாளிக்குக் குழாய் தொடர்ந்து இருக்கிறது என்றால், மூன்று மாதம் கடந்தும் அது இருக்கும்வரை மருந்தும் தொடரும். குழாயை இடையில் எடுத்துவிட்டாலும் மூன்று மாதக் கணக்கு குறைவதில்லை. குழந்தைகளில் மட்டும் கணக்கு சற்று வேறு. புற்றுநோய் இல்லாத, குழாய் போன்ற தற்காலிகக் காரணத்தால் கட்டி வந்த 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு, ஆறு வார மருந்தே மூன்று மாதத்துக்கு ஈடாக இருப்பதாக 2022இல் வெளியான ஆய்வு காட்டியது; ஆறு வாரத்தில் எடுத்த ஸ்கேனில் சிரை முழுதாக அடைபட்டிராதவர்களுக்கே இது பொருந்தும்.

மருந்தை நிறுத்துவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள்: குழாய் எடுக்கப்பட்டுவிட்டதா, மூன்று மாதம் நிறைந்ததா, புற்றுநோய் சிகிச்சை எந்தக் கட்டத்தில் இருக்கிறது. முதல் இரண்டுக்கும் ஆம் என்ற பதில் கிடைத்து, புற்று கட்டுக்குள் இருந்தால் நிறுத்தலாம். நிறுத்திய பிறகும் சிலருக்குக் கையில் லேசான கனமும் வீக்கமும் மாதக்கணக்கில் மிஞ்சும். அது புதிதாக வந்த கட்டியா, பழைய கட்டி விட்டுப்போன தழும்பா என்று பிரித்தறிய, மருந்தை நிறுத்தும் நாளிலேயே ஒரு டாப்ளர் ஸ்கேன் எடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். பின்னால் சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும்.